டர்பனில் வீட்டு ஆபீஸ்: காலி அறையா, லவுஞ்ச் மூலையா, கேரேஜா, தோட்டத்து மரவீடா?

வீட்டிலேயே ஆபீஸ் அறை போட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் கைபேசி நிறையப் படங்களோடு வருகிறார்கள். வெள்ளைச் சுவர், வெளிர் நிற மர மேசை, ஓரத்தில் ஒரு செடி, பெரிய ஜன்னல். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் படம் எடுத்த ஊரில் ஜனவரி மாதம் புத்தக அட்டை பூஞ்சை பிடிக்காது; திறந்த ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து மேசைமேல் இருக்கும் வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போகாது. டர்பனில் இரண்டும் சாதாரணம். வீட்டு பிளான் வரைவது என் தொழில் என்பதால் சொல்கிறேன்: மேசை, நாற்காலி, பெயிண்ட் எல்லாம் அப்புறம். முதலில் எந்த இடம் என்று முடிவாகட்டும்.

நம் குடும்பங்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் இரண்டுமே தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களைக் கொண்டுபோய் வைத்த இடங்கள். முன்னது 1960களில் எழுந்தது, பின்னது 1976இல் தொடங்கியது. அன்றைக்குக் கொடுத்த சின்ன வீட்டை ஒவ்வொரு குடும்பமும் பின்னால் ஓர் அறை, மேலே ஒரு தளம், பக்கத்தில் ஓர் அவுட்பில்டிங் என்று இழுத்து இழுத்துக் கட்டியிருக்கிறது. எனவே ஒரு வீடு போல இன்னொன்று இல்லை. இருந்தாலும் ஆபீஸ் என்று வரும்போது கேள்வி இந்த நான்கில்தான் வந்து நிற்கும்: காலியாகக் கிடக்கும் படுக்கையறை, லவுஞ்சில் ஒரு மூலை, கேரேஜ், தோட்டத்தில் போடும் வெண்டி ஹவுஸ் என்கிற மரவீடு.

என் வரிசையும் இதேதான். காலி அறை இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் லவுஞ்ச் மூலை. அதற்கும் வழியில்லாதவர்களுக்குத்தான் கேரேஜ். மரவீடு கடைசி. படத்தில் எல்லாவற்றையும்விட அழகாக இருப்பது அதுதான் என்பதால் இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

வெயில் எந்தப் பக்கம்?

டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் இங்கே வடக்குப் பக்கம் நிற்கும். டிசம்பரில் அது கிட்டத்தட்ட தலைக்கு மேல், 83 பாகை உயரத்தில். ஜூனில் தாழ்ந்து 37 பாகையில். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி. வடக்கு ஜன்னலுக்கு மேல் கூரை 60 செ.மீ. நீண்டிருக்கிறது என்று வையுங்கள். டிசம்பர் நண்பகலில் ஜன்னல் முழுக்க நிழல். ஜூனில் அதே கூரை 45 செ.மீ. ஆழத்துக்குத்தான் நிழல் தரும். மிச்சக் கண்ணாடி வழியாக வெயில் அறையின் நடுவரைக்கும் வந்து விழும். குளிருக்கு இதம், கணினித் திரைக்கு எமன்.

தெற்கு ஜன்னலில் கோடைக்காலக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் தவிர நேர் வெயில் கிடையாது. நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். படம் வரைகிறவர், கணக்கு எழுதுகிறவர், நாள் பூராவும் திரை பார்க்கிறவர் யாருக்கும் இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. மேற்கு ஜன்னல் அறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் அங்கே உட்கார முடியாது. திரைச்சீலை போட்டாலும் கண்ணாடி சூடேறி அறையும் சூடேறும்.

இங்கே வாஸ்துக்காரர்களோடு எனக்கு ஒரு நிரந்தர வழக்கு உண்டு. வடக்கு பார்த்து உட்கார், வடக்கில் பெரிய ஜன்னல் வை என்கிறார்கள். சென்னையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் வடக்கு ஜன்னல் மென்மையான வெளிச்சம் தருவது, அது பூமியின் அந்தப் பாதியில் இருப்பதால். டர்பனில் அந்த வேலையைத் தெற்கு ஜன்னல் செய்கிறது. நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. வடக்கு பார்த்தே உட்காருங்கள்; ஜன்னல் மட்டும் எதிரிலும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரில் இருந்தால் கண் கூசும். பின்னால் இருந்தால் திரையில் ஜன்னல் தெரியும், வீடியோ காலில் உங்கள் முகம் கரிக்கட்டையாகத் தெரியும்.

கரண்ட் போனால்?

லோட் ஷெட்டிங் என்கிற அட்டவணை போட்ட மின்வெட்டு 2024 மார்ச் கடைசியில் நின்ற பிறகு, 2025 முதல் பாதியில் சில நாள் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போனது. அதனால் பலர் இன்வெர்ட்டர் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஆனால் கேபிள் திருட்டும் துணைமின் நிலையக் கோளாறும் அட்டவணை பார்த்தா வருகின்றன? கணக்கு சின்னதுதான். மடிக்கணினி 65 வாட், திரை 25, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 12, எல்.இ.டி. விளக்கு 9. மொத்தம் 111 வாட். ஒரு ஃபேன் 50 வாட் சேர்த்தால் ஏறக்குறைய 160. இரண்டரை மணி நேரத்துக்கு 400 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்ப்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். ஈய-அமில வகையென்றால் அதில் பாதியை மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். பாதி என்றாலும் 600. போதும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஏ.சி. இல்லை. 1 கிலோவோல்ட்-ஆம்ப் இன்வெர்ட்டரை நம்பி அதை ஓட்ட முடியாது. ஆகவே ஏ.சி. இல்லாமலே இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய அறை எது என்று பாருங்கள். நான்கு வழிகளில் பின்னிரண்டும் பெரும்பாலும் இந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

காலி அறை

இதன் பலமே, மனிதர் இருப்பதற்கென்று ஏற்கனவே கட்டிய அறை என்பதுதான். சீலிங் உண்டு, ஜன்னல் உண்டு, திருடன் நுழையாமல் ஜன்னலில் போடும் பர்க்ளர் பார் கம்பி உண்டு, பிளக் பாயிண்ட் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவு உண்டு. நகராட்சிக்கு எந்த பிளானும் போட வேண்டாம். செலவெல்லாம் மேசை, விளக்கு, பெயிண்ட் அளவில் முடிந்துவிடும்.

சிக்கல் விருந்தாளிக் கட்டிலில் வரும். ஃபீனிக்ஸில் இருக்கும் என் சின்னம்மா மகள் கேட்டாள்: "அண்ணா, கட்டில் ஒரு பக்கம் கிடக்கட்டுமே. தீபாவளிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அத்தை வந்தா எங்க படுப்பாங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் வருமான வரியில் வீட்டு ஆபீஸ் செலவைக் கழிக்க நினைத்தால் அந்தக் கட்டில் குறுக்கே நிற்கும். வரித்துறையான சார்ஸ் கேட்பது மூன்று: அந்தப் பகுதி வேலைக்கென்று தனியாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும், தொடர்ந்து வேலைக்குப் பயன்பட வேண்டும், வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும். கமிஷன் இல்லாத சம்பளக்காரர் என்றால் தம் பணியில் பாதிக்கு மேல் அங்கிருந்தே செய்திருக்கவும் வேண்டும். அத்தை படுக்கும் அறை வேலைக்கு மட்டுமான அறை ஆகாது.

இந்த வரிக் கழிவு பரப்பளவு விகிதத்தில் வரும். 120 சதுர மீட்டர் வீட்டில் அறை 12 சதுர மீட்டர் என்றால், வாடகை, மின்சாரம் போன்ற பொதுச் செலவில் பத்தில் ஒரு பங்கு. சொந்த வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஆபீஸ் என்று காட்டிய பங்குக்கு, வீட்டை விற்கும் நாளில் குடியிருக்கும் வீட்டுக்கான மூலதன ஆதாய வரிச் சலுகை கிடைக்காது. சின்னக் கழிவுக்கு ஆசைப்பட்டுப் பின்னால் பெரிய வரி கட்டுவதா என்பதை வரி ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிவிட்டு அத்தையின் கட்டிலைத் தூக்குங்கள். என் சின்னம்மா மகளுக்கு அந்தக் கணக்கு லாபமாக வரவில்லை. கட்டில் அங்கேயேதான் இருக்கிறது, சோஃபாவாக மாறும் வகையில்.

தெற்குப் பார்த்த அறைக்கு ஒரு குறை உண்டு, ஈரம். வெயில் படாத வெளிச்சுவரை ஒட்டி அலமாரியைச் சாத்தினால் முதல் கோடையிலேயே பின்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படரும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே 5 செ.மீ. விட்டுவிடுங்கள். கோப்புகளை உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். மலிவான மெலமைன் மேசையின் ஓரப்பட்டை கொஞ்சம் பெயர்ந்தாலும் போதும், உள்ளேயிருக்கும் மரத்தூள் பலகை டர்பன் காற்றிலேயே ஊதிவிடும். அதே விலைக்குப் பழைய சாப்பாட்டு மேசை கிடைத்தால் யோசிக்காமல் அதை வாங்குவேன்.

லவுஞ்ச் மூலை

அறை இல்லாத வீட்டில் இதை நான் இரண்டாவதாக வைப்பது செலவுக்காக மட்டுமல்ல. லவுஞ்ச் வீட்டிலேயே காற்றோட்டமான இடம். முன்கதவும் பின்கதவும் திறந்தால் கடற்காற்று குறுக்கே போகும். ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் போன் பேசுகிறவர்களுக்கு இது சரிப்படும். நாள் முழுக்கப் பேசுகிற கால் சென்டர் வேலைக்குச் சரிப்படாது. அதை மறைக்க எந்த அலங்காரமும் உதவாது. மூடினால் அலமாரி, திறந்தால் மேசை என்று சுவரோடு செய்த 60 செ.மீ. ஆழ அமைப்பு இங்கே பொருத்தம். மாலை 5 மணிக்குக் கதவைச் சாத்தினால் வேலை கண்ணில் படாது. மடிக்கணினியைத் திறந்தபடி விட்டு உள்ளே மூடாதீர்கள், சூடு போக வழியில்லை.

சாமி விளக்கு இருக்கும் மூலைக்கு எதிர்மூலையைத் தேர்ந்தெடுங்கள். புரட்டாசி மாதம் பூராவும் கற்பூரமும் சாம்பிராணியும் எரியும் வீடுகளில் திரைமேல் மெல்லிய எண்ணெய்க் கரி படிவதைப் பார்த்திருக்கிறேன். தவிர, வீடியோ காலில் முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஆயா மணியடித்துத் தீபம் காட்டுவது அழகான காட்சிதான், ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் ஒத்துவராது. வரிக் கழிவை இங்கே மறந்துவிடுங்கள். குடும்பமே உட்காரும் இடம் வேலைக்கு மட்டுமான இடம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கேரேஜ்

"கார் வெளியே நிக்கட்டும், உள்ளே டைல்ஸ் போட்டுக்கலாம்" என்று பலர் லேசாகச் சொல்கிறார்கள். வேலை அவ்வளவு லேசு இல்லை. கேரேஜை மனிதர் இருக்கும் அறையாக மாற்றுவது பயன்பாட்டு மாற்றம். நகராட்சியில் பிளான் போட்டு அனுமதி வாங்க வேண்டும். 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் தேசியக் கட்டட விதிகளோடு சேர்ந்து போகும் தரக்குறிப்புகள், வசிக்கும் அறைக்குக் குறைந்தது 6 சதுர மீட்டர் பரப்பு, எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையாத அளவு என்கின்றன. அது எளிது. வெளிச்சத்துக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு, காற்றுக்குத் திறக்கக்கூடிய 5 விழுக்காடு ஜன்னல் கேட்பதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். 3க்கு 6 மீட்டர் கேரேஜ் 18 சதுர மீட்டர்; அதற்கு 1.8 சதுர மீட்டர் ஜன்னல், அதில் 0.9 திறக்க வேண்டும். பின்சுவரில் ஒரு சிறு காற்றுத் துளையோடு நிற்கும் கேரேஜில் சுவரை உடைக்காமல் இது நடக்காது.

பிறகு தரை. பழைய கேரேஜ்களில் கான்கிரீட்டுக்கு அடியில் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் விரித்தார்களா என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு மீட்டர் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கட்டியிருந்தால் முதலில் ஈரத்தைத் தடுக்க வேண்டும், டைல்ஸ் அப்புறம். கூரை வெறும் தகரமாக இருந்தால் சீலிங்கும் வெப்பத் தடுப்புப் பஞ்சும் போடாமல் கோடையில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மழைச் சத்தம் வேறு; தகரத்தில் கொட்டும்போது எதிராளி என்ன சொல்கிறார் என்றே கேட்காது.

சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். வீதியைவிடத் தாழ்வான கேரேஜ் என்றால் என் பதில் நேரடியாக வேண்டாம் என்பதுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் சில பகுதிகளில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய மழை வேண்டாம், வழக்கமான பிப்ரவரி மழைக்கே வீதித் தண்ணீர் சரிவில் இறங்கிக் கேரேஜ் கதவடியில் நுழைகிற வீடுகள் எத்தனையோ.

இத்தனையும் தாண்டிக் கேரேஜ் ஜெயிக்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு: வீதி மட்டத்துக்கு மேலே, செங்கல் சுவரோடு, வீட்டோடு ஒட்டி, கதவு தெற்கு அல்லது கிழக்கு பார்த்து இருந்தால். உருளும் கதவை எடுத்துவிட்டு அங்கே முழு அகலக் கண்ணாடிக் கதவு வைத்தால் வீட்டிலேயே நல்ல அறை அதுவாகிவிடும். வாடிக்கையாளர் வீட்டுக்குள் வராமல் நேரே வந்து போகலாம். தையல், கணக்குப்பிள்ளை வேலை, டியூஷன் இவற்றுக்கு இது லவுஞ்சை அடித்துச் சாப்பிட்டுவிடும்.

தோட்டத்து மரவீடு

வெண்டி ஹவுஸ் மலிவு, சீக்கிரம் நிறுத்திவிடலாம், வீட்டுச் சத்தத்திலிருந்து விடுதலை. உண்மைதான். ஆனால் விலையில் சேராதவற்றைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டு மெயின் போர்டிலிருந்து நிலத்தடியில் கவசக் கேபிள், அங்கே தனி பிரேக்கர், பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் தரும் சான்றிதழ். எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்மேல் இழுத்து ஓட்டுவது மழைக்காலத்தில் உயிரோடு விளையாடுவது. இன்டர்நெட்டுக்கும் ஒரு கேபிள். செங்கல் சுவரும் இருபது மீட்டர் தோட்டமும் தாண்டி வைஃபை தள்ளாடும். கதவுக்கு இரும்பு கேட், ஜன்னலுக்குக் கம்பி, அலாரம். பைன் பலகைக்குக் கரையான் மருந்தும் வருஷா வருஷம் வார்னிஷும்.

"பத்து சதுர மீட்டருக்குள் இருந்தால் அனுமதி வேண்டாம்" என்று ஊரெல்லாம் சொல்வதையும் நம்பாதீர்கள். விதியில் அந்த 10 சதுர மீட்டர் கருவிகள் வைக்கும் கொட்டகைக்கு. அதற்கும் முழு பிளான்தான் வேண்டாம்; கட்டட அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் ஆபீஸ் கருவிக் கொட்டகை அல்ல. எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது மரக் கட்டுமானத்துக்குத் தனிக் கேள்வி, தீ பற்றுவதால்.

இதெல்லாம் சரியாகச் செய்தால் மரவீட்டின் விலை கேரேஜ் மாற்றத்தை நெருங்கிவிடும். கையில் மிஞ்சுவதோ ஜனவரியில் பகல் 11 மணிக்கே வெந்து போகும் ஒரு பெட்டி. வீணை சொல்லிக்கொடுக்கிறவர், பெரிய மரநிழல் உள்ள தோட்டம் வைத்திருப்பவர் இவர்களுக்கு மட்டும் சரி என்பேன்.

அழகு எங்கிருந்து வரும்?

இடம் சரியாக அமைந்தால் அழகுக்கு அதிகம் தேவைப்படாது. தெற்கு வெளிச்ச அறையில் சுவர் சுத்த வெள்ளையாக வேண்டாம், சாம்பல் பூத்துத் தெரியும். மோர் நிறம், மங்கிய சந்தன நிறம் சூடு தரும். வடக்கு அறைக்கு வெள்ளையே நல்லது. ஜன்னலுக்குக் கனத்த திரைக்குப் பதில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை மடிப்புத் திரையாகத் தையுங்கள். காற்றும் வரும், கண்ணும் கூசாது. இங்கே கிடைக்கும் ஷ்வெஷ்வே என்கிற நீல அச்சுப் பருத்தித் துணியில் நாற்காலி மெத்தை, டர்பன் சந்தையில் கிடைக்கும் டெலிபோன் கம்பியால் பின்னிய ஜூலு தட்டுகள் இரண்டு மூன்று பின்சுவரில். வீடியோ காலில் இது வாங்கி மாட்டிய படங்களைவிட நன்றாக எடுக்கும். செடி வைத்தால் ஜன்னலுக்கு உள்ளே, கம்பிக்கு எட்டாத தூரத்தில். குரங்கின் கை நீளத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

பணம் போட வேண்டிய இடம் நாற்காலி. புதிய மேசைக்குச் செலவு செய்து சாப்பாட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களே அதிகம். அதை அப்படியே திருப்புங்கள். கம்பெனிகள் இடம் மாறும்போது கழித்துவிடும் நல்ல ஆபீஸ் நாற்காலிகள் பழைய சாமான் கடைகளில் புது விலையின் ஒரு பங்குக்குக் கிடைக்கும். உட்கார்ந்து, ஏற்றி இறக்கி, பத்து நிமிஷம் அப்படியே விட்டு, தானாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கேஸ் உருளை போய்விட்டது. விலை குறைத்துக் கேளுங்கள், மாற்றிக்கொள்ளலாம். கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைகிறதா என்பதற்கு வீட்டு மேசையின் அடிப்பலகை உயரத்தை அளந்து கையில் எழுதிக்கொண்டு போங்கள். சாதாரண மேசை 72 முதல் 75 செ.மீ. உயரம் என்றாலும், பழைய சாப்பாட்டு மேசைகளில் அடிச்சட்டம் பத்து செ.மீ. வரை கீழே இறங்கியிருக்கும்.